கிணற்று மலையாளம்

எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுதப் படிக்கக் கற்றவள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் காலத்திலும் கூச்சம் இருந்ததில்லை. பதினொரு வயதில் கொஞ்சம்கூடக் கிடையாது. ரேஷன் கார்டில் என்ன எழுதியிருக்கிறது, இருமல் மருந்தை எத்தனை மூடி குடிக்க வேண்டும், தூரத்தில் வரும் பஸ் பழனிக்குப் போகிறதா வத்தலக்குண்டுக்குப் போகிறதா, எல்லாவற்றுக்கும் நான்தான். போன் நம்பர்களை வீட்டுச் சுவரில் கரியால் எழுதிவைப்பதும் நான்தான். ஆகவே, உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி எனக்குத் தெரியும் என்றும், மிச்சம் மீதி ஏழாம் வகுப்பில் வந்துவிடும் என்றும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அப்பா என்னை முந்தியிருந்தார். அவருக்கு மலையாளம் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் அவர் திருச்சூர்ப் பக்கம் கிணறு வெட்டப் போனவர். அடியில் நின்று மண்ணை அள்ளிப் போட்டபடி, மேலே கயிறு பிடித்திருந்தவர்களோடு பேசிப் பேசிக் கற்றுக்கொண்ட மொழி அது. அதனால் மலையாளம் என்றாலே அவருக்கு அடிவயிற்றிலிருந்து கத்துகிற மொழி. பேச ஆரம்பித்ததும் முகம் தானாக அண்ணாந்துகொள்ளும். வீட்டுக்குள் உட்கார்ந்து போனில் பேசினால் கூரை ஓட்டைப் பார்த்துத்தான் பேசுவார். வேகத்துக்குக் குறைவில்லை, தடுமாற்றமும் கிடையாது. மூச்சு விடாமல் கால் மணி நேரம் பேசுவார். அதில் எத்தனை தப்பு இருக்கிறது என்று சொல்ல எங்கள் ஊரில் ஆள் இல்லாததால், ஒட்டன்சத்திரம் ரோட்டில் அவரைப் போல மலையாளம் பேச ஆள் இல்லை என்பது ஊரார் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயமாக இருந்தது.

குழிக்குள் தேவைப்பட்ட வார்த்தைகள்தான் அவரிடம் இருந்தன. அவற்றை வைத்தே முழு வாழ்க்கையையும் சமாளித்தார். பூ மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு ‘வலிச்சோ, வலிச்சோ’ என்பார். கயிற்றை இழுத்துக்கொள் என்று அர்த்தம். போனை வைக்கும்போது ‘மதி, மதி’ என்பார். மண் போதும், நிறுத்து என்று அர்த்தம். குழிக்கு மேலே நின்றவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதால், ஆண் பெண் குழந்தை குட்டி யாராக இருந்தாலும் அவருக்கு ‘சேட்டா’தான், அதாவது அண்ணன்தான். நாளைக்கு என்று சொல்ல வேண்டிய இடத்தில், நேற்று என்று பொருள்படும் ‘இன்னலெ’யைப் போடுவார். மலையாளத்திலும் நாளைக்கு ‘நாளெ’தான் என்று பிற்பாடு நான் எடுத்துச் சொன்னபோது அவர் நம்பவே இல்லை.

“அது நம்ம வார்த்தையில்ல ஆத்தா? அவுகளுக்குன்னு தனியா ஒண்ணு வச்சிருக்க மாட்டாகளா?” என்றார்.

இந்த மலையாளம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. எங்கள் ஒன்றரை ஏக்கரில் ஓணத்துக்கென்றே வாடாமல்லி போடுவோம். நம் பக்கத்தில் அதை வாங்கி என்ன செய்வார்கள்? எல்லாரும் அதையே போட்டிருப்பதால் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் சீந்த ஆளிருக்காது. கேரளாவில் அந்தப் பத்து நாளும் வாசலில் பூக்கோலம் போடுகிறார்களே, அதற்குத்தான் போக வேண்டும். திருச்சூரில் ஒரு பூ வியாபாரி எங்களிடம் மொத்தமாக வாங்கிக்கொள்வார். அவரை நாங்கள் சேட்டன் என்போம். எட்டு வருஷமாக வியாபாரம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. சாயங்காலம் அப்பா போன் போட்டுக் கத்துவார், விடியக்காலையில் பூப்பறிப்போம், ஒட்டன்சத்திரத்திலிருந்து கிளம்பும் காய்கறி லாரியில் மூட்டைகள் ஏறும். எழுத்து, கையெழுத்து, ரசீது எதுவும் கிடையாது. குரல்தான் எல்லாம்.

அப்பாவின் மலையாளத்தில் கோளாறு இருக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தது ஒரு பேக்கரியில்.

திண்டுக்கல்லில் நான் படித்த பள்ளிக்குப் பக்கத்தில் மலையாளத்துக்காரர்களின் பேக்கரி ஒன்று இருந்தது. பேக்கரிக்காரர் மகள் என் வகுப்பு. ஒருநாள் பெற்றோரை வரச்சொல்லியிருந்தார்கள் என்று அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆசிரியர்களிடம் என்னைப் பற்றி நல்லதாகக் கேட்ட சந்தோஷத்தில் என்னைப் பேக்கரிக்குக் கூட்டிப்போனார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் அம்மா யாரோடோ மலையாளத்தில் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி, “சேட்டா, நாலு பப்ஸ் வலிச்சோ” என்று ஒரு சத்தம் போட்டார்.

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் இருவர் எழுந்தே விட்டார்கள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே பப்ஸை எடுத்துக்கொடுத்தார். அவர் பக்கத்தில் நின்றிருந்த என் வகுப்புக்காரி சிரிக்கவில்லை. அதுதான் மோசம். மறுநாள் அக்கறையோடு என்னிடம் வந்து கேட்டாள்.

“உங்கப்பா ஏன்டி யாரோ கெணத்துல விழுந்துட்ட மாதிரி பேசுறாரு?”

அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்திருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அன்றே முடிவு செய்துவிட்டேன். முதல் ரேங்க் வாங்குகிறவளின் அப்பா இப்படிப் பேசக் கூடாது. நான் கற்றுக்கொண்டு அவரைத் திருத்திவிட வேண்டும்.

பேக்கரிக்காரர் மகளுக்குக் கணக்கு வராது. என் கணக்கு நோட்டை அவள் பார்த்து எழுதிக்கொள்ளக் கொடுத்து, அதற்குப் பதிலாக மலையாளம் வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் விற்கும் மொழிப் புத்தகம் ஒன்றையும் வாங்கி மனப்பாடம் செய்தேன். ஆடி மாதம் பிறக்கும்போது எனக்குத் தேவையான அளவு மலையாளமும், தேவைக்கு அதிகமான தைரியமும் சேர்ந்திருந்தன.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பாவுக்குப் பாடம். தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு என் எதிரே சம்மணமிட்டு உட்காருவார். முதல் வாரம் முழுக்க அவரைக் கத்தாமல் பேச வைப்பதிலேயே போயிற்று. அடுத்த வாரம், அண்ணாந்து பார்க்கக் கூடாது என்பதற்காக அவர் தலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தேன். புத்தகம் விழுந்தால் அந்த வாக்கியத்தைப் பத்து முறை சொல்ல வேண்டும். நாற்பது அடி ஆழத்தில் பாறைக்கு வெடி வைத்த மனிதர், தலையில் சமூக அறிவியல் நோட்டோடு அசையாமல் உட்கார்ந்து, ‘நமஸ்காரம், சுகமாணோ’ என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏங்க, டீச்சர் கோவத்துல இருக்காக. பதில் சொல்லிட்டுத்தான் இன்னைக்குச் சோறு” என்பாள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அந்தப் பாடத்தைப் பார்ப்பதற்கென்றே பக்கத்துத் தெருவிலிருந்து வருவார். வந்து நிலையில் சாய்ந்துகொண்டு வேர்க்கடலை உரித்துத் தின்பார்.

அப்பா ஒரு நாளும் கோபப்படவில்லை. ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை. ஆவணி பிறந்தபோது, நான் எழுதிக்கொடுத்த ஐந்து வாக்கியங்களையும் தப்பில்லாமல், தாழ்ந்த குரலில், நேரே பார்த்தபடி சொல்லத் தேறியிருந்தார். சேட்டனின் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது, பசு கன்று போட்டுவிட்டதா என்றெல்லாம் அவர் வழக்கமாக விசாரிப்பதையும் வெட்டிவிட்டேன். வியாபாரப் பேச்சில் அதெல்லாம் எதற்கு?

அந்த வருஷம் ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால், வாய்க்காலில் மடை மாற்றும்போது அப்பாவின் போன் தண்ணீருக்குள் போய்விட்டது. சிம்மும் போயிற்று. பரவாயில்லை, சேட்டனின் நம்பர் சுவரில் இருந்தது. மாமா தன்னிடம் மிச்சமிருந்த பட்டன் போன் ஒன்றில் புது சிம் போட்டுக்கொண்டு வந்தார். அன்று சாயங்காலமே ஆர்டர் சொல்லியாக வேண்டும். வயல் முழுக்க ஊதா நிறத்தில் பூத்துக் கிடந்தது. விடியக்காலையில் பறிக்க வருவதாக எட்டுப் பேர் சொல்லியிருந்தார்கள். சேட்டன் வேண்டாம் என்றால், அவ்வளவு பூவையும் ஆட்டுக்குத்தான் போட வேண்டும். ஆடும் அவ்வளவு தின்னாது.

அப்பா முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

“நமஸ்காரம்” என்றார் அப்பா, வெண்ணெய் மாதிரி. “ஞான் திண்டுக்கல்லில் நின்னு விளிக்குகயாணு. நாளெ பூக்கள் அயய்க்காம். எத்ர சாக்கு வேணம்?”

திண்டுக்கல்லிலிருந்து அழைக்கிறேன், நாளை பூக்களை அனுப்புகிறேன், எத்தனை சாக்கு வேண்டும். ஒரு தப்பு இல்லை. எனக்குப் பெருமை பொங்கிற்று.

“ஆரா?” என்றது போன். யார் என்று கேட்கிறார். அப்பா தன் பெயரைச் சொன்னார். உடனே இணைப்பு அறுந்துவிட்டது.

சிக்னல் சரியில்லை என்று மறுபடி போட்டோம். இந்த முறை சேட்டன் வேகவேகமாகப் பேசினார். அவர் சொன்னது இதுதான்: போன வருஷம் யாரோ ஒருவன் இன்னொருத்தர் பேரைச் சொல்லி ஓண ஆர்டரை வாங்கிக்கொண்டு அழுகின பூவை அனுப்பிவிட்டான். இந்த வருஷம் யாரும் தன்னை ஏமாற்ற முடியாது. திண்டுக்கல்காரரைத் தனக்கு எட்டு வருஷமாகத் தெரியும். நம்பரும் அவருடையது இல்லை, பேச்சும் அவருடையது இல்லை.

அப்பா லாரி டிரைவர் பெயரைச் சொன்னார். அது மார்க்கெட்டில் எல்லாருக்கும் தெரியும் என்றார் சேட்டன். போன வருஷம் எத்தனை மூட்டை அனுப்பினோம் என்று அப்பா சொன்னார். அதை டிரைவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம் என்றார் சேட்டன். தான் இன்னும் பணிவாகப் பேசவில்லையோ என்று அப்பா என்னைப் பார்த்தார். நான் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டி, ‘தங்கள் என்னை விசுவசிக்கணம்’ என்று எடுத்துக்கொடுத்தேன். தாங்கள் என்னை நம்ப வேண்டும். அப்பா அதை அப்படியே, அழகாக, சொன்னார். போலீஸில் சொல்லிவிடுவேன் என்று சொல்லிச் சேட்டன் போனை வைத்துவிட்டார்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். மாமா கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார்.

“மச்சான், இம்புட்டு நல்லாப் பேசுனா நானே நம்ப மாட்டேன். பழையபடி பேசுங்க” என்றார் மாமா.

அப்பா முயன்றார். அடுத்த அழைப்பில் பழையபடி பேசப் பார்த்தார். ஆனால் ஒரு மாதமாக நோட்டைச் சுமந்த தலை அண்ணாந்துகொள்ள மறுத்தது. குரல் எழும்பவில்லை. ‘வலிச்சோ’ என்று அவர் மெதுவாகச் சொன்னது, எவனோ அவரைப் போல நடித்துக்காட்டுவது மாதிரி இருந்தது. சேட்டனுக்கு இதில் இன்னும் கோபம் வந்துவிட்டது. வேஷமும் போடுகிறாயா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார்.

“வர மாட்டேங்குது” என்றார் அப்பா. தன் கையையே புதிதாகப் பார்ப்பது போல உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இங்கன உக்காந்தா வர மாட்டேங்குது.”

“கெணத்துக்குள்ள எறங்குனாத்தான் வருமோ என்னமோ” என்றார் மாமா. அவர் கேலியாகத்தான் சொன்னார்.

அப்பா எழுந்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கத் தோட்டத்தை நோக்கி நடந்தார். என்ன செய்யப்போகிறார் என்பது எங்களுக்குப் புரிவதற்குள், கிணற்றின் கல்படிகளில் பாதி இறங்கிவிட்டார். அந்த வருஷம் மழை குறைவு. அடியில் கணுக்காலளவு தண்ணீர்தான். அதில் போய் நின்று, இருட்டிக்கொண்டு வரும் வானத்தைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“போனப் போடு ஆத்தா.”

உள்ளே சிக்னல் கிடைக்காது. அதனால் நான் கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஸ்பீக்கரைப் போட்டுப் போனை உள்பக்கமாக நீட்டிப் பிடித்தேன். நான் விழுந்துவிடாமல் அம்மா என் பாவாடையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அம்மா விழுந்துவிடாமல் மாமா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். சேட்டன் எடுத்ததும், தயவுசெய்து ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று நான் சுத்தமான மலையாளத்தில் கேட்டுக்கொண்டேன். ஓ, கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளையும் இருக்கிறாளா என்று அவர் ஆரம்பிக்கும்போதே கீழேயிருந்து வந்தது.

“சேட்டோ! அம்மெ முட்டு மேலே கேறியோ!”

அம்மாவுடைய முழங்கால் மேலே ஏறிவிட்டதா. முழங்கால் வலி தேவலையா என்பதை அப்பா இப்படித்தான் எட்டு வருஷமாகக் கேட்டுவந்திருக்கிறார். கிணற்றுச் சுவரில் ஒடுங்கியிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பி என் முகத்தில் அடித்துக்கொண்டு பறந்தன. அதற்குப் பிறகு அப்பாவை நிறுத்த முடியவில்லை. பூ இன்னலெ வரும் என்றார். பசு என்ன ஆயிற்று என்றார். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, நானும் இப்போது தண்ணீரில்தான் நிற்கிறேன் என்றார். ஒரு மாதமாக அடக்கிவைத்திருந்த தப்புகள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு வந்தன.

போனில் ஒரு மாதிரி இரைச்சல் கேட்டது. சேட்டன் அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரையோ கூப்பிட்டு, இதோ நம்ம ஆள், நம்ம ஆள் என்று காட்டுவது கேட்டது. பிறகு அவரும் அங்கிருந்து அதே அளவுக்குக் கத்த ஆரம்பித்தார். எத்தனை மூட்டை, எந்த லாரி, எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஒருவர் கிணற்றுக்குள்ளும் ஒருவர் திருச்சூரிலும் நின்று கத்த, நடுவில் நான் போனைத் தாங்கிக்கொண்டு தலைகீழாகக் கிடந்தேன். “மதி, மதி” என்று கீழேயிருந்து அப்பா முடித்தார்.

அவர் மேலே ஏறி வந்தபோது மாமா கை கொடுத்தார். “இனிமே ஓணம்னா உள்ள ஒரு நாற்காலியப் போட்டுருவம் மச்சான்” என்றார்.

நான் உள்ளே போய்ப் பாட நோட்டை எடுத்துப் பரணில் எறிந்தேன். அப்பா ஈரக் காலோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீ சொல்லிக்குடுத்ததுல தப்பு இல்ல ஆத்தா. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதைப் பேசுறதுக்கு வேற ஆளு வேணும்.”

எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. படிக்காதவர் தோற்றுப்போனதை ஒப்புக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பூ விடியக்காலையில் போயிற்று. அதற்கடுத்த நாளும் போயிற்று. அந்த ஓணத்துக்கு எங்கள் வயலில் ஒரு பூ மிஞ்சவில்லை.

புரட்டாசியில் பழனிக்கு வந்த சேட்டன், அங்கிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஒல்லியாக, வழுக்கையாக, கையில் ஒரு பை நிறைய நேந்திரங்காய் சிப்ஸோடு வாசலில் நின்றார். எட்டு வருஷம் பேசியவர்கள், நேரில் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றார்கள். நான் முன்னால் போய், இலக்கணம் பிசகாமல் அவரை வரவேற்றேன். வாங்க, உட்காருங்க, பயணம் சௌக்கியமாக இருந்ததா. அவர் ஆச்சரியப்பட்டு, என்னைப் பாராட்டி, எந்த வகுப்பு, எந்தப் பாடம் பிடிக்கும் என்று நிறுத்தி நிதானமாக நல்ல மலையாளத்தில் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

பிறகு அவரும் அப்பாவும் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டடி தூரம்தான். ஆனாலும் சத்தம் மெயின் ரோடு வரை கேட்டது. நான் நோட்டும் பென்சிலுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுடைய தப்புகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் தப்புகள் எனக்குப் பழக்கமானவை. திகைப்பாக இருந்தது சேட்டனைப் பார்த்துத்தான். அவரும் தப்புத் தப்பாகப் பேசினார். அவரும் நேற்றையும் நாளையையும் மாற்றிப் போட்டார், அவரும் சாப்பாட்டை வலிச்சோ என்றார். அப்பா செய்த அத்தனை தப்பையும், ஒன்று குறையாமல், அவர் செய்தார்.

மலையாளத்திலேயே பிறந்து வளர்ந்தவர் இப்படிப் பேசுகிறாரே, பாவம், மூன்றாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டார் என்று எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. அதே சமயம் இன்னொன்றையும் கவனித்தேன். நடுநடுவே அவர் என் பக்கம் திரும்பி ஏதாவது கேட்டார். அப்போது மட்டும் அவர் பேச்சில் ஒரு பிசகுகூட இல்லை. நோட்டில் அதையும் குறித்துவைத்துக்கொண்டேன். எனக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. மறுநாள் வகுப்பில் பேக்கரிக்காரர் மகளிடம், திருச்சூரிலிருந்து வந்த ஒருவருக்கு ஒரே மத்தியானத்தில் நான் பாதி மலையாளத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டதாகவும், இன்னும் இரண்டு நாள் தங்கியிருந்தால் மீதியையும் சரிசெய்திருப்பேன் என்றும் சொன்னேன்.